ரேடியோக் கடை நானாமார்: எழுதப்படாத ஒரு மலையக வரலாறு

2022 மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள் நம்மில் எவருக்கும் மறந்திருக்காது. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஹட்டனில் மாலை மழை வேறு. தொலைக்காட்சி இல்லை, கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. நாட்டில் என்ன நடக்கிறது என்று அறிய வழியற்றிருந்த ஓர் இரவில் என் மகள் கேட்டாள்: "வாப்பா, அலுமாரிக்கு மேல ஒரு பழைய ரேடியோ கிடக்கே, அது பேசாதா?"

இறக்கித் தூசு தட்டினேன். நான்கு பெரிய பெட்டரிகளைப் போட்டேன். பேசவில்லை. மறுநாள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போனேன். கைத்தொலைபேசிக் கடைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒரு தம்பி பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள், இதுக்குச் சாமானும் இல்ல, பாக்கத் தெரிஞ்ச ஆக்களும் இல்ல. புதுசு ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார்.

புதியதை எங்கே வாங்குவது? 2020 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடு. 2022இல் நாட்டில் டொலரே இல்லை. இதே நிலைமையை 1970க்கும் 1977க்கும் இடையில் நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அப்போதும் வெளிநாட்டுச் சாமான் வராது. அப்போதும் எல்லாவற்றுக்கும் கியூ. ஆனால் அப்போது ஹட்டனில் ஒரு ரேடியோ ஊமையாகிவிட்டால் கொண்டுபோக இடம் இருந்தது. அந்த இடங்கள் எங்கே போயின என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன். இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது.

*

அவற்றுக்கு ஒரே பெயர் இருந்ததில்லை. 'ரேடியோக் கடை' என்போம். சிங்களச் சகோதரர்கள் உள்ளே இருப்பவரை 'பாஸ்' என்பார்கள். தோட்டத்து மக்களுக்கும் நமக்கும் அவர் 'நானா'. நான் சொல்லும் நானாவின் கடை ஒரு புடைவைக் கடையின் பக்கவாட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வீதியில்தான் நிற்க வேண்டும். கண்ணாடி அலுமாரியில் வால்வுகள், பழைய பிஸ்கட் டின்களில் கண்டன்சர்கள், ஆணியில் தொங்கும் டயல் நூல், சுவரில் கூம்பு கிழிந்த ஸ்பீக்கர்கள். சோல்டரிங் அயனின் புகையும் தேயிலைச் சாயமும் கலந்த ஒரு மணம்.

புதுச் சாமான்கள் கொழும்பிலிருந்து வரும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சார, வானொலிச் சாமான் கடைகள் நெருங்கியிருந்தன. அவற்றில் பல நம்மவர்களுடையவை. நானா மாதம் ஒருமுறை இரவுத் தபால் ரயிலில் இறங்கிப்போய், ஒரு சிறிய தோற்பையோடு திரும்புவார். அந்தப் பையில் இருப்பதைக் கொண்டுதான் ஒரு மாதத்துக்கு நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து ரேடியோக்கள் பேச வேண்டும்.

என் வாப்பா பொட்டணி வியாபாரி. துணி மூட்டையைத் தோளில் போட்டு லயம் லயமாக ஏறி இறங்கியவர். பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போவேன். மேலே போகும்போது துணி. கீழே வரும்போது பேசாத ரேடியோக்கள். "மொதலாளி, இத நானாகிட்டக் குடுத்துடுங்க, அடுத்த வாட்டி வரச்சொல்லக் கொண்டாந்துடுங்க" என்று கொடுத்துவிடுவார்கள். அப்படிச் சுமந்து சுமந்துதான் நான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

*

இந்த ரேடியோக்கள் லயத்துக்குள் வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. பீ.பீ.சீ. தொடங்கி மூன்றே வருடங்களில். அதற்கு முன்பே தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் பரீட்சார்த்தமாக இசைத்தட்டுகளை ஒலிபரப்பியிருந்தார். அதற்கான கருவியை, முதலாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு உருவாக்கினார்கள் என்பர். இந்நாட்டின் வானொலியே பழைய சாமானில் பிறந்ததுதான் என்று நானா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும். அது துரையின் பங்களாவிலும் நகரத்து வீடுகளிலும் இருந்தது. மலையகத்தின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே பொறியியலாளர் டீ.ஜே. விமலசுரேந்திர ஆய்வுரை வாசித்தார். அதற்கு முன்பே, 1912இல், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தது. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. தேயிலை மலைகளின் நீர் கொழும்பின் விளக்குகளை எரித்தது. அந்த நீர்த்தேக்கங்களைப் பார்த்தபடி நின்ற லயங்களில் குப்பி விளக்கு எரிந்தது. பல லயங்களுக்கு 1990களிலும் அதன் பின்னருமே மின்சாரம் வந்தது. சீசன் காலத்தில் பாவா ஆதம் மலைப் பாதையில் மின்விளக்குகள் மாலைபோல் தொங்குவதை இருட்டுக்குள் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இன்றும் நம்மிடையே தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள்.

இந்த இருட்டுக்குள் புகுந்தது ட்ரான்சிஸ்டர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான அந்தச் சிறு உறுப்பு, 1954இல் அங்கே கையடக்க ரேடியோவாகக் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனி தன் முதல் ட்ரான்சிஸ்டர் ரேடியோவை விற்றது. வால்வைப்போல் சூடாக வேண்டிய இழை இதில் இல்லை. ஆகவே நான்கு பெட்டரி போதும். ஒரு தோட்டத் தொழிலாளியின் காம்பராவுக்குள் நுழைந்து அவருக்கே சொந்தமாக இருந்த முதல் மின்னணுக் கருவி இதுதான். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் தோட்டத்து வேலைக்கானவை. ரேடியோ அவர்களுடைய மாலைப் பொழுதுக்கானது.

பழுதான ரேடியோவைத் திறந்தால் அது வந்த வீடு தெரியும். மூடியைக் கழற்றியதும் அடுப்புப் புகை மணக்கும். டியூனிங் தகடுகளுக்கு இடையில் கரி படிந்திருக்கும். உயிர் போன பெட்டரியைத் தகரக் கூரையில் வெயிலில் வைத்து, பிறகு அடுப்போரத்தில் வைத்து, மறுபடியும் மறுபடியும் பாவித்திருப்பார்கள். கடைசியில் அது கசிந்து வில்கம்பியை அரித்துவிடும். பத்து ரேடியோவில் ஆறுக்கு இதுதான் நோய். "முதல்ல பெட்டரிய பாருங்க மகன். பிறகு வயர. அதுக்குப் பிறகுதான் ட்ரான்சிஸ்டர்" என்பது நானாவின் முதற் பாடம். கரியைப் பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வில்கம்பியைச் சுரண்டி ஈயம் வைத்தால் மயில்வாகனனோ, கே.எஸ். ராஜாவோ, பி.எச். அப்துல் ஹமீதோ பேசுவார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் பேசியவர்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம், அது நியாயமும்கூட. அந்தக் குரலை டிக்கோயாவில் ஒரு லயத்துக்குள் கேட்க வைத்தவர்களைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியதில்லை.

*

1970இன் பின் வந்த தட்டுப்பாட்டுக் காலம் ரேடியோக் கடைகளின் பொற்காலம் எனலாம். உள்ளூரிலேயே உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் 'யுனிக்' ரேடியோக்களைப் பொருத்தி விற்றது. மற்றபடி இருப்பதைத் திருத்தித்தான் பாவிக்க வேண்டும். எதையும் வீசியெறிய மாட்டார் நானா. செத்த ரேடியோவின் உறுப்புகளைக் கழற்றி வகைப்படுத்தி டின்களில் போடுவது என் வேலை. தடையின் மேலுள்ள நிறக் கோடுகளை அப்படித்தான் படித்தேன். கறுப்பு பூச்சியம், மண்ணிறம் ஒன்று, சிவப்பு இரண்டு, செம்மஞ்சள் மூன்று, மஞ்சள் நான்கு. மண்ணிறம், கறுப்பு, சிவப்பு என்று வந்தால் ஆயிரம் ஓம். மத்ரஸாவில் அலிஃப் பே படித்த அதே ராகத்தில் இதையும் பாடமாக்கினேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் தடையி, கொள்ளளவி, இருவாயி என்று எழுதியிருந்தது. கடையில் ரெசிஸ்டர், கண்டன்சர், டயோட். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்த நாள் என் வாழ்வில் முக்கியமான நாள். பிற்காலத்தில் நான் விஞ்ஞான ஆசிரியனாகி முப்பது வருடம் பிழைத்ததற்கு அந்த மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இந்தத் தெளிவே காரணம்.

முதலில் செய்யக் கொடுத்தது டயோட் ரேடியோ. கையால் சுற்றிய ஒரு காயில், ஒரு டியூனிங் கண்டன்சர், ஒரு ஜெர்மேனியம் டயோட், காதில் வைக்கும் ஒரு இயர்போன். பெட்டரியே வேண்டாம், வானலையில் வரும் சக்தியிலேயே பேசும். நீண்ட கம்பியை மரத்துக்கு மரம் கட்டி, மறுமுனையைப் பீலித் தண்ணீர் விழும் ஈர மண்ணில் புதைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் இரவில் மெல்லிதாக ஒரு பாட்டு கேட்கும். மின்சாரமே இல்லாத லயத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விஞ்ஞானப் பாடம் ஏது? தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளும் சிங்களப் பிள்ளை ஒருவனும் என்னோடு அதைச் செய்தார்கள். சாமான் கடன். திருத்திக் கொடுத்த வேலையில் கழித்துக்கொள்வார் நானா.

ஃபெரைட் கம்பியின் குணத்தையும் அங்கேதான் அறிந்தோம். ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் ஏரியலாக இருக்கும் அந்தக் கறுத்தக் கம்பியின் முனை நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி மங்கும். பக்கவாட்டாகத் திரும்பினால் ஓங்கும். கொழும்பு எங்களுக்கு மேற்கே, திருச்சி வடமேற்கே. எந்த வீட்டில் ரேடியோ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தே அவர்கள் கொழும்பு கேட்கிறார்களா, அக்கரை கேட்கிறார்களா என்று சொல்லிவிடலாம்.

*

நம் சமூகத்துக்கு இக்கடைகள் வேறொரு வகையிலும் வேண்டியிருந்தன. ஷஃபான் பிறை 29, ரமழான் பிறை 29 ஆகிய மாலைகளில் தலைப்பிறை தென்பட்டதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் வானத்தைப் பார்த்தால் மூடுபனிதான் தெரியும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி எடுக்கும் முடிவை வானொலி அறிவிக்கும். அதைக் கேட்டே நாங்கள் நோன்பு பிடித்தோம், பெருநாள் எடுத்தோம். ஆகவே அந்த 29ஆம் நாளுக்கு முந்திய வாரம் நானாவுக்கு நித்திரை இல்லை. ஊரிலுள்ள பழுதான ரேடியோ எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

மஃரிபுக்குப் பிறகு கடை வாசலில் ஒரு ஸ்பீக்கரைத் தொங்கவிடுவார். தொப்பி போட்டவர்கள் மட்டுமா நின்றார்கள்? வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்துக்காரர்கள், பக்கத்துப் பேக்கரியின் சிங்கள முதலாளி, எல்லோரும் நின்றார்கள். "நானா, நாளைக்கா பெருநாளு?" என்று அவர்களும் கேட்டார்கள். பேக்கரிக்காரருக்கு எத்தனை பாண் போடுவது என்று தெரிய வேண்டும். வட்டிலாப்பத்துக்கு முட்டை கொண்டுவருபவருக்கு எத்தனை கொண்டுவருவது என்று தெரிய வேண்டும். பிறை எங்களுடையதுதான், அதன் செய்தி கடைத்தெரு முழுவதற்குமானதாக இருந்தது.

*

இனிச் சொல்லப்போவது எனக்கு இலகுவான விடயமல்ல.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கணக்கு முடிந்தது, மக்கள் கிளம்பினார்கள். 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

அந்த வருடங்களில் நானாவின் மேசைக்கு இரண்டு விதமான ரேடியோக்கள் வந்தன. போகிறவர்கள் கையோடு கொண்டுபோகத் திருத்தக் கொடுத்தவை ஒரு விதம். விற்றுவிட்டுப் போகக் கொடுத்தவை மற்றொரு விதம். பாஸ்போர்ட் வந்த ஒரு குடும்பம் என் வாப்பாவுக்குத் துணிக் கடன் வைத்திருந்தது. பெரிய தொகை அல்ல. தீபாவளிக்கு எடுத்த சேலைகள். அவர்களுடைய ரேடியோ அப்போது நானாவின் கடையில், கொழும்பிலிருந்து வரவேண்டிய ஓர் உறுப்புக்காகக் காத்திருந்தது. போவதற்கு முந்திய நாள் அந்த வீட்டுப் பெரியவர் வந்தார். "மொதலாளி, கடனுக்கு அத வச்சுக்கங்க" என்றார். வாப்பா வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அது நியாயமான கொடுக்கல் வாங்கல். கடன் கடன்தான், கொடுத்தவரும் மனமுவந்தே கொடுத்தார். வாப்பாவும் வசதி படைத்தவர் அல்லர். ஆனாலும் நானா அன்றைக்கு வாப்பாவோடு பேசவில்லை. உறுப்பு வந்து ரேடியோவைத் திருத்திக் கொடுத்தபோது கூலியும் வாங்கவில்லை. "இது அவங்கட ரேடியோ. நான் அவங்களுக்குத்தான் திருத்தினேன்" என்றார். 2022இல் என் மகள் அலுமாரி மேலிருந்து காட்டியது அந்த ரேடியோதான்.

*

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகளில் ஜப்பானியக் கசட் ரேடியோக்கள் குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன நம் பெண்கள் விடுமுறையில் டூ-இன்-வன் கொண்டு வந்தார்கள். 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் பிரதான ஒலிபரப்புக் கோபுரம் நுவரெலியாவின் தலைமாட்டில், 2524 மீற்றர் உயரப் பிதுருதலாகலை உச்சியில் எழுந்தது. உலகமே நம் மலைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. லயங்களில் கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஓடியது. ஞாயிறு படத்துக்காகச் சனிக்கிழமையே பெட்டரியைத் தோளில் சுமந்து நகரத்துக்கு வந்து சார்ஜுக்குப் போட்டார்கள். ரேடியோக் கடைகளுக்கு அந்த வருமானமும் சேர்ந்தது.

அடுத்த வருடம் 1983 ஜூலை. நுவரெலியாக் கடைத்தெரு எரிந்தது. மலையகத்தின் மற்ற நகரங்களிலும் தமிழருடைய கடைகள் எரிந்தன. அழிந்த சொத்துக்களுக்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. எரிந்த திருத்தும் மேசைகளில் யார் யாருடைய ரேடியோ இருந்தது, யாருடைய கை அத்தோடு தொழிலை விட்டது என்ற கணக்கு இல்லை.

வீழ்ச்சி மெதுவாகவே வந்தது. உறுப்புகள் சிறுத்தன. பத்து ட்ரான்சிஸ்டர் செய்த வேலையை ஒரு சில்லு செய்தது. அதன்பின் கண்ணுக்கே தெரியாத அளவில் பலகையின் மேல் ஒட்டிய உறுப்புகள் வந்தன. திருத்தும் கூலியைவிடப் புதிய சீன ரேடியோ மலிவாயிற்று. 1998இல் சூரியன், சக்தி போன்ற தனியார் பண்பலைகள் வந்தபோது கேட்பவர்கள் கூடினார்கள். திருத்தக் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். பிறகு கைத்தொலைபேசி எல்லாவற்றையும் தன்னுள் விழுங்கிற்று. நானா 2003இல் கடையை மூடினார். இப்போது அந்த மாடிப்படிக்குக் கீழே குடைகளும் செருப்புகளும் விற்கிறார்கள்.

உலகெங்கும் இதே கதைதான். மின்னணுப் பெட்டிகளைப் பொருத்திப் பழகக் கொடுத்த அமெரிக்க ஹீத்கிட் 1992இல் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1921இல் பொஸ்டனில் தொடங்கிய ரேடியோ ஷாக் 2015இல் வங்குரோத்தானது. பிரித்தானியாவின் மாப்ளின் கடைகள் 2018இல் மூடின. அங்கெல்லாம் பலர் அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள், பழைய விலைப்பட்டியல்களைக் கூடச் சேர்த்துவைத்தார்கள். அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் அப்படியொரு சொல்லே அதற்கு இருக்கவில்லை. டயோட் ரேடியோ செய்த நான்கு பேரில் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் மின்னியலாளரானார், ஒருவர் கொழும்பில் குளிரூட்டி திருத்துபவரானார், ஒருவரின் குடும்பம் அக்கரை போயிற்று, நான் ஆசிரியனானேன். பெயர்ப் பதிவுக்கு வெளியே, பிரட்டுக்கு வெளியே ஒரு பிள்ளை காலெடுத்து வைக்க இருந்த வெகுசில வாசல்களில் அதுவும் ஒன்று.

*

இதையெல்லாம் சொர்க்கமாக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. அக்கடைகளுக்குக் குறைகள் இருந்தன. ஒரு ரூபாய் சாமானுக்கு மூன்று ரூபாய் வாங்கியவர்களும் இருந்தார்கள். நல்ல உறுப்பைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டவர்களும் இருந்தார்கள். பெண் பிள்ளை ஒருத்தி அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் ட்ரான்ஸ்போமரில் கம்பி சுற்றியது யார் தெரியுமா? நானாவின் மனைவி. வீட்டு உள்ளறையில், ஒரு தவறும் இல்லாமல், சுற்றுகளை எண்ணி எண்ணிச் சுற்றிக் கொடுப்பார். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது ஸலாம் சொன்னால் பதில் வராது, விரலைத்தான் உயர்த்துவார். ஹட்டன் ரேடியோக்களின் பாதி அவர் விரல்களில் இருந்தது. கடைப் பலகையில் அவர் பெயர் இருக்கவில்லை.

இன்னொரு குறைதான் எல்லாவற்றிலும் பெரியது. அவர்கள் தங்கள் அறிவை ஒளித்தார்கள். போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று சில்லின் மேலுள்ள இலக்கத்தைச் சுரண்டி அழிப்பார்கள். சர்க்கிட் வரைபடத்தைப் பெட்டகத்தில் பூட்டுவார்கள். நானாவும் அப்படித்தான். கை பார்த்துக் கை பழக வேண்டும் என்பார், எழுத விடமாட்டார். கடை மூடிய பிறகு ஒருநாள் மனம் மாறி, "வாங்க மகன், ஒரு கொப்பியும் கொண்டு வாங்க. எந்தக் கம்பனி ரேடியோவுக்கு எது நோய், என்ன மருந்து, எல்லாத்தையும் சொல்றேன்" என்றார். பள்ளியில் பரீட்சைக் காலம். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். அப்படியே சில மாதங்கள். பிறகு அவருடைய ஜனாஸாவுக்குத்தான் போனேன். வீட்டில் விசாரித்தபோது, அவர் முப்பது வருடமாக எழுதிவைத்த வேலைக் கணக்குக் கொப்பிகள், தோட்டத்தின் பெயர், லயத்தின் இலக்கம், ஆளின் பெயர், பழுது, கூலி என்று வரிவரியாக இருந்தவை, பழைய கடதாசிக்காரருக்குப் போய்விட்டன என்றார்கள். கிலோக் கணக்கில்.

ஆகவே அக்கடைகளைப் புதிய தொழில்நுட்பம் மட்டும் கொன்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழில்நுட்பம் தொழிலைக் கொண்டுபோயிற்று. நினைவைக் கொண்டுபோனவர்கள் நாம்தான். அவர் ஒளித்தார், நான் தாமதித்தேன்.

நம் மேடைகளில் அல்ஜஸரியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். 1206இல் அவர் தன் பொறிகளைப் பற்றிய நூலை முடித்தார், எண்ணூறு வருடம் கழித்தும் அவற்றைச் செய்து பார்க்க முடிகிறது என்கிறோம். அவர் எழுதி வைத்ததால்தானே முடிகிறது? அவருக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஹட்டன் பஜாரில் நம் கண்முன் இருந்த ஒரு கைவினைஞரிடம் ஒரு கொப்பி எழுதி வாங்கவில்லை. மலையக வரலாறு என்றால் தேயிலை, தொழிற்சங்கம், வாக்குரிமை. மலையக முஸ்லிம் வரலாறு என்றால் பள்ளிவாசல், புடைவைக் கடை, பாடசாலை. இவை அவசியமானவை. ஆனால் லயத்துக்கும் கடைக்கும் இடையே தோளில் போய்வந்த அந்த ரேடியோக்களின் கதையில்தான் தோட்டத்துத் தமிழரும் நாமும் சிங்களவரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். அந்த மேசையைப் பற்றிய ஒரு வரியும் இல்லாமல் நம் பிள்ளைகளுக்கு எந்த நல்லிணக்கத்தைச் சொல்லிக் கொடுக்கப்போகிறோம்?

புறக்கோட்டையிலும் கண்டியிலும் பதுளையிலும் இந்தத் தொழில் செய்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாசகர்களில் யாருடைய வாப்பாவோ, மாமாவோ, அயலவரோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். அடுத்த மாதம் என்று சொல்லாதீர்கள்.

அந்த ரேடியோ? பஜாரிலிருந்து திரும்பிய இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் நானே திறந்தேன். முதலில் பெட்டரி, பிறகு வயர் என்று பார்த்தேன். ஒரு கண்டன்சர் காய்ந்துபோயிருந்தது. எரிந்துபோன ஒரு மின்விளக்கின் அடிப்பகுதியை உடைத்து, அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். அயன் சூடாக மின்சாரம் இல்லை. பழைய காலத்தைப்போல் ஒரு செப்புக் கம்பியை அடுப்புக் கரியில் காய்ச்சி ஈயம் வைத்தேன். மகள் டோர்ச் பிடித்தாள். டியூனிங் தகடுகளின் ஓரத்தில், நானாவின் பிரஷ் எட்டாத ஓரிடத்தில், அந்த லயத்து அடுப்பின் கரி இன்னும் இருந்தது. அதை நான் துடைக்கவில்லை. பத்து மணியளவில் இரைச்சலுக்கு நடுவே அக்கரையிலிருந்து ஒரு தமிழ்க் குரல் வந்தது. அந்தப் பெரியவரின் பெயரும் தோட்டமும் லயத்தின் இலக்கமும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. புதிய கொப்பி ஒன்றின் முதற் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.